பழைய செஸ்னா 140 விமானத்துடன் சான் பிரான்சிஸ்கோ பன்னாட்டு விமான நிலையத்தில் இறங்குவது எப்படி

இரண்டு இருக்கை, 85 குதிரைத்திறன் எஞ்சின், வாலில் ஒரு சிறு சக்கரம், முழுச் சுமையோடும் 1,450 பவுண்டைத் தாண்டாத எடை: 1946-இல் விற்பனைக்கு வந்த செஸ்னா 140 இவ்வளவுதான். போயிங் 777-கள் வரிசையாக இறங்கும் சான் பிரான்சிஸ்கோவில் இதற்கு என்ன வேலை என்று கேட்பவர்களுக்கு முதலில் ஒன்றைச் சொல்லிவிடலாம். கூட்டாட்சி அரசின் நிதியைப் பெற்ற அமெரிக்க விமான நிலையங்கள், நியாயமற்ற பாகுபாடு இன்றி எல்லா வகை விமானங்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்பது அந்த நிதியோடு வரும் நிபந்தனை. ஆகவே உள்ளே நுழைவதற்கான உரிமை நமக்கு உண்டு. நம்மிடம் இல்லாதது வேகம் மட்டுமே. இந்தக் குறிப்பில் வரும் ஏற்பாடுகளில் பெரும்பாலானவை அந்த ஒரு குறையை மற்றவர்களுக்குத் தொல்லையாகாமல் சமாளிப்பதற்கானவை.

விமானத்தின் தகுதியும் விமானியின் தகுதியும்

சான் பிரான்சிஸ்கோவைச் சுற்றித் தரையிலிருந்து 10,000 அடி வரை அடுக்கடுக்காக அமைந்திருப்பது, நெரிசல் மிகுந்த நிலையங்களுக்கே உரிய, அனுமதியின்றி நுழைய முடியாத ‘பி’ வகை வான்வெளி. அதற்குள் செல்ல இருவழி ரேடியோ, உயரத்தைத் தெரிவிக்கும் டிரான்ஸ்பாண்டர், விமானம் இருக்கும் இடத்தைத் தானாகவே அறிவிக்கும், 2020 ஜனவரி 1 முதல் கட்டாயமான ஏடிஎஸ்-பி ஒலிபரப்புக் கருவி ஆகிய மூன்றும் வேண்டும். டிரான்ஸ்பாண்டரை 24 மாதங்களுக்கு ஒருமுறை சோதித்து, அதைப் பராமரிப்பு ஏட்டில் பதிந்திருக்க வேண்டும். பைப்பர் கப் போன்று எஞ்சினால் இயங்கும் மின்னாக்கியே இல்லாமல் சான்று பெற்ற விமானங்களுக்கு ஒரு விலக்கு உண்டு. ஆனால் அந்த விலக்கு விமான நிலையத்தைச் சுற்றியுள்ள 30 கடல்மைல் வட்டத்துக்குள், ‘பி’ வான்வெளிக்கு வெளியே பறப்பதற்கு மட்டுமே. டிரான்ஸ்பாண்டர் இல்லாத விமானம் உள்ளே வர விரும்பினால், குறைந்தது ஒரு மணி நேரம் முன்னதாகவே கட்டுப்பாட்டு நிலையத்திடம் தனி அனுமதி கேட்க வேண்டும். சான் பிரான்சிஸ்கோ போன்ற இடத்தில் அது கிடைக்கும் என்று நம்பிக்கொண்டு கிளம்புவது வீண். செஸ்னா 140-இல் மின்னாக்கி உண்டு என்பதால், மூன்று கருவிகளையும் பொருத்திக்கொண்டு விதிப்படி போவதே நல்லது.

மாணவ விமானி தனியாக இங்கே இறங்கவோ இங்கிருந்து கிளம்பவோ கூடாது. இந்தத் தடை உள்ள 12 விமான நிலையங்களில் சான் பிரான்சிஸ்கோவும் ஒன்று. குறைந்தது தனியார் விமானி உரிமமாவது வேண்டும். மேகமூட்டமான நாள்களில் சிறிய நிலையங்களில் கிடைக்கும், குறைந்த பார்வைத் தொலைவிலும் கண்ணால் பார்த்துப் பறக்க விடும் ‘ஸ்பெஷல் விஎஃப்ஆர்’ சலுகையும் இங்கே கிடையாது. பார்வைத் தொலைவு 3 மைல், மேகத்தைத் தொடாமல் பறத்தல் என்ற எல்லைக்குள் வானிலை இருந்தாக வேண்டும். ‘பி’ வான்வெளியின் அடுக்குகளுக்குக் கீழே பறக்கும்போது 200 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல்மைல்) என்ற வேக உச்சவரம்பும் உண்டு. அதை மீறிவிடுவோமோ என்ற கவலை மட்டும் நமக்கு ஒருபோதும் வராது.

நாளையும் நேரத்தையும் தேர்ந்தெடுப்பது

சான் பிரான்சிஸ்கோவின் கோடைக் காலை கடல்மேகத்தோடுதான் விடியும். இணையாக ஓடும் 28 இடது, 28 வலது ஓடுபாதைகளின் நடுக்கோடுகளுக்கு இடையே 750 அடிதான் இடைவெளி. விமானிகள் ஒருவரையொருவர் கண்ணால் பார்க்க முடிந்த நாள்களில் மட்டும் இரண்டிலும் பக்கத்துக்குப் பக்கமாக விமானங்களை இறக்குவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. மேகம் தாழ்ந்தபோது அந்த ஏற்பாடு நின்று, மணிக்கு ஏறத்தாழ 60 விமானங்கள் இறங்கிய இடத்தில் அதில் பாதியளவே இறங்கின. மேகம் கலைந்த பிறகும், தேங்கிய விமானங்களின் வரிசை கரைய நேரம் பிடிக்கும். அந்த வரிசையின் நடுவே 85 குதிரைத்திறன் விமானத்தோடு போய் நிற்பதைவிட அன்று வீட்டில் இருப்பதே மேல். மேகமே வராத நாளாகப் பார்த்து, காலை நெரிசல் ஓய்ந்த பிறகு, மாலை நெரிசல் தொடங்குவதற்கு முன் உள்ள இடைவேளையைத் தேர்ந்தெடுங்கள்.

பிற்பகலில் இன்னொன்று தொடங்கும். சான் புருனோ மலைக்கும் அதன் தெற்கே உள்ள குன்றுகளுக்கும் இடைப்பட்ட கணவாய் வழியாக மேற்குக் காற்று பாய்ந்து வரும். 20 நாட் வேகம் அங்கே சாதாரணம். இறங்கும் ஓடுபாதை மேற்கு நோக்கியே இருப்பதால் அது நேரெதிர்க்காற்று. தரையைத் தொடுவதற்கு நல்லது. ஆனால் புறப்படும்போது அதே காற்று தொல்லை தரும் என்பதைப் பிறகு பார்ப்போம்.

கிளம்புவதற்கு முன் மூன்று தொலைபேசி அழைப்புகள் தேவை. முதல் அழைப்பு கட்டுப்பாட்டுக் கோபுரத்துக்கு. வால்சக்கர விமானம், இத்தனை நாட் வேகம், இந்த நேரத்தில் வர விரும்புகிறேன் என்று சொல்லிவிட்டால், பணியில் இருப்பவரே உகந்த நேரத்தையும் வழியையும் சொல்வார். இரண்டாவது, தனியார் விமானங்களைக் கவனித்துக்கொள்ளும் எஃப்பிஓ நிறுவனத்துக்கு. இறங்கும் கட்டணம், நிறுத்தும் கட்டணம், கையாளும் கட்டணம் எல்லாவற்றையும் தனித்தனியே கேட்டு, மின்னஞ்சலில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எரிபொருள் வாங்குவதைவிட நிறுத்துவதற்கு அதிகம் செலவாகும் இடம் அது. நம் எஞ்சினுக்கு வேண்டிய 100எல்எல் பெட்ரோல் கிடைக்குமா என்பதையும் அப்போதே கேளுங்கள்; ஜெட் விமானங்களை நம்பிப் பிழைக்கும் நிறுவனங்களில் ஜெட் எரிபொருள் மட்டுமே இருப்பதும் உண்டு. போய்வரத் தேவையானதைப் புறப்படும் இடத்திலேயே நிரப்பிக்கொள்வது நல்லது. மூன்றாவது அழைப்பு வானிலைக்கும் அன்றைய அறிவிப்புகளுக்கும். எந்த ஓடுபாதை மூடியிருக்கிறது, ஓடுபாதைக்குப் போய்வரும் தரைவழியான டாக்சிவேக்களில் எது பழுதுபார்ப்பில் இருக்கிறது என்பதெல்லாம் அதில் தெரியும்.

வீட்டில் செய்ய வேண்டிய பயிற்சி

வேகத்தின் கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். செஸ்னா 140 வழக்கமாக இறங்கும்போது வைக்கும் வேகம் மணிக்கு 70 மைல், அதாவது 61 நாட். 20 நாட் எதிர்க்காற்றில் தரைமீது அது 41 நாட்தான். ஓடுபாதைக்கு 5 கடல்மைல் முன்பு அந்த வேகத்தில் வரிசையில் சேர்ந்தால், இறங்க ஏழு நிமிடத்துக்கும் மேல் ஆகும். அதே காற்றில் 140 நாட் வேகத்தில் வரும் ஜெட் அந்தத் தூரத்தை இரண்டரை நிமிடத்தில் கடந்துவிடும். மணிக்கு 100 மைல் வேகத்தை விடாமல் பிடித்து வந்தாலும் நமக்கு நாலரை நிமிடம். ஆகவே வேகத்தைக் கூட்டுவது பாதி மருந்துதான்; நேர்வரிசையில் பறக்கும் தூரத்தைக் குறைப்பது மீதிப் பாதி. ஓடுபாதைக்கு 2 கடல்மைலில் பக்கவாட்டிலிருந்து வந்து சேர்ந்தால், 100 மைல் வேகத்தில் இரண்டு நிமிடத்துக்குள் வேலை முடிந்துவிடும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. இந்த விமானத்தின் இறக்கை மடல்களை மணிக்கு 82 மைலுக்கு மேல் இறக்கக் கூடாது. இறக்கினாலும் அவை சிறியவை, பெரிதாக ஒன்றும் பிரேக் போடா. 100 மைல் வேகத்தில் ஓடுபாதை முனைவரை வந்து, பிறகு வேகத்தைக் குறைத்து மூன்று சக்கரங்களிலும் உட்கார வைப்பது பழக்கத்தால் வர வேண்டிய கலை. உங்கள் ஊர் நிலையத்தின் நீளமான ஓடுபாதையில், ஆள் நடமாட்டம் இல்லாத நேரத்தில், இதைப் பத்து முறையாவது செய்து பாருங்கள். ஓடுபாதை மேலே சில அடி உயரத்தில் விமானத்தைச் சமமாகப் பிடித்துக்கொண்டு, வேகம் தானாக வடிய விட வேண்டும். 28 இடதின் நீளம் 11,381 அடி. வேகம் வடிய இவ்வளவு இடம் நமக்கு வேறெங்கும் கிடைக்காது. உயரத்தை விரைவாகக் குறைக்க வேண்டியிருந்தால் விமானத்தைப் பக்கவாட்டில் சரித்து இறக்கும் பழைய முறையே போதும்.

இன்னொரு சிறு ஏற்பாடு. இந்தக் காலத்து விமானங்களின் வேகமானி நாட் கணக்கில் இருக்கும்; நம்முடையது மைல் கணக்கில் இருக்கும். நான் முதன்முறை போனபோது, தற்போதைய வேகம் என்ன என்று கேட்ட கட்டுப்பாட்டாளரிடம் முள் காட்டிய 95-ஐ அப்படியே சொல்லிவிட்டேன். உண்மையில் அது 83 நாட். எனக்குப் பின்னால் அவர் கணக்கிட்டு விட்டிருந்த இடைவெளி கரைந்துபோய், பின்னால் வந்த ஜெட் ஒன்று இறங்காமல் மேலெழுந்து மறுபடியும் சுற்றி வர நேர்ந்தது. யாரும் திட்டவில்லை, ஆனால் அன்று மாலையே 100-க்கு 87, 90-க்கு 78, 80-க்கு 70, 70-க்கு 61 என்று நான்கு வரி எழுதி வேகமானிக்குக் கீழே ஒட்டிவிட்டேன். அந்தத் துண்டுத்தாள் இன்னும் அங்கேயே இருக்கிறது.

உள்ளே நுழைவது

சான் கார்லோஸ் பக்கமிருந்து வருவதாக வைத்துக்கொள்வோம். அது தெற்கே, வளைகுடாக் கரையை ஒட்டிய சிறு நிலையம். நிலையத்தின் வானிலையையும் பயன்பாட்டில் உள்ள ஓடுபாதையையும் சொல்லும் ‘ஏடிஸ்’ பதிவு ஒலிபரப்பைக் கேட்டு முடித்த பிறகு, ‘பி’ வான்வெளியின் எல்லையைத் தொடுவதற்கு வெகு முன்னரே, அந்தப் பகுதி வான்போக்குவரத்தை ரேடாரில் கவனிக்கும் நார்கால் அப்ரோச்சை அழையுங்கள். விமான வகையை வெறும் ‘செஸ்னா’ என்று சொன்னால் அவர்கள் மனத்தில் அதைவிட வேகமான செஸ்னா 172 வந்து நிற்கும். ‘செஸ்னா ஒன் ஃபார்ட்டி’ என்று தெளிவாகச் சொல்லி, நீங்கள் பிடிக்கக்கூடிய அதிகபட்ச வேகத்தையும் நாட் கணக்கில் சேர்த்துச் சொல்லுங்கள். உங்கள் அழைப்புப் பெயரைக் கட்டுப்பாட்டாளர் திருப்பிச் சொல்வதாலேயே சிறிய நிலையங்களின் வான்வெளிக்குள் நுழைந்துவிடலாம். இங்கே அது செல்லாது. ‘பி வான்வெளிக்குள் நுழைய அனுமதி’ என்ற பொருளில் ‘கிளியர்டு இன்டு தி ப்ராவோ’ என்ற சொற்களைக் காதால் கேட்டாக வேண்டும். கேட்கவில்லையா, வெளியே வட்டமடித்துக்கொண்டே இருங்கள், தயங்காமல் கேளுங்கள்.

அனுமதி வந்ததும் பெரும்பாலும் 101 நெடுஞ்சாலையைத் தொடர்ந்து வடமேற்கே வரச் சொல்வார்கள். வரிசையில் இடம் கிடைக்காவிட்டால் 101-உம் 92-ஆம் சாலையும் சந்திக்கும் இடத்தின் மேலே வட்டமடிக்கச் சொல்லலாம். அது பத்து நிமிடம் நீடித்தாலும் பொறுமை வேண்டும். எஞ்சின் வேகம் குறையும் ஒவ்வொரு முறையும் கார்புரேட்டர் சூட்டை இழுத்துவிடுங்கள். இந்தக் கான்டினென்டல் எஞ்சின் கார்புரேட்டரில் பனி கட்டுவதற்குப் பேர்போனது. ஈரமான கடற்காற்று அதற்கு இன்னும் தோது.

101-க்கும் வளைகுடாவுக்கும் நடுவே மரங்கள் அடர்ந்து நீருக்குள் நீட்டிக்கொண்டிருக்கும் நிலம் கயோட்டி பாயின்ட். 28 இடதின் நேர்கோட்டுக்கு மிக அருகே, ஓடுபாதை முனைக்கு ஏறத்தாழ 2 கடல்மைலில் அது இருக்கிறது. குறுக்கே வந்து வரிசையில் சேர அதைவிட நல்ல அடையாளம் இல்லை. அங்கே என்ன உயரத்தில் இருக்க வேண்டும் என்பதே இந்தப் பயணத்தின் உயிர்நாடி. ஜெட் விமானங்கள் 3 பாகைச் சரிவில் வருகின்றன. 2 கடல்மைலில் அவற்றின் உயரம் ஏறத்தாழ 650 அடி. அவற்றின் இறக்கை நுனிகளிலிருந்து கிளம்பும் காற்றுச் சுழல்கள் நிமிடத்துக்கு 300 முதல் 500 அடி வரை கீழே இறங்கும். நம் விமானத்தைவிட நூற்றுக்கணக்கான மடங்கு எடையுள்ள ஒன்றின் சுழலுக்குள் மூக்கை விட்டால், அதைத் திருப்பி நிமிர்த்தும் வலிமை நம் சுக்கான்களுக்குக் கிடையாது. ஆகவே கட்டுப்பாட்டாளர் வேறு உயரம் சொல்லாத வரை, கயோட்டி பாயின்ட்டின் மேல் 900 அடிக்குக் குறையாமல் இருங்கள். முன்னே போன ஜெட் சக்கரம் பதித்த இடத்தைக் கண்ணால் குறித்துக்கொண்டு, அதற்கும் அப்பால், ஓடுபாதை முனையிலிருந்து 3,000 அடி உள்ளே இறங்குங்கள். அப்போது பாதை முழுவதும் நீங்கள் அதன் வழித்தடத்துக்கு மேலேயே இருப்பீர்கள்.

லேசான குறுக்குக்காற்று வீசும் நாள் மிகவும் ஏமாற்றும் நாள். பலத்த காற்று சுழலை அடித்துக் கலைத்துவிடும். 1 முதல் 5 நாட் வரையிலான மெல்லிய குறுக்குக்காற்றோ, ஒரு சுழலை ஓடுபாதையின் மேலேயே நிறுத்தி வைத்துவிடும். 2,500 அடிக்குக் குறைவான இடைவெளியுள்ள இணை ஓடுபாதைகளைச் சுழல் விஷயத்தில் ஒரே ஓடுபாதையாகவே கருதுவது வழக்கம் என்பதையும் மறக்க வேண்டாம். 28 வலதில் இறங்கும் 777-இன் சுழல் நமக்கும் சொந்தம்தான். முன்னே போகும் விமானத்தைக் கண்ணால் பார்த்து விலகிக்கொள்கிறேன் என்று நீங்கள் ஒப்புக்கொண்ட நொடியில் இடைவெளியின் பொறுப்பு உங்கள் தோளுக்கு மாறிவிடுகிறது. மனம் ஒப்பவில்லை என்றால், ‘இயலாது’ என்ற பொருளில் ‘அனேபிள்’ என்ற ஒரே சொல் போதும். அதைச் சொன்னதற்காக எந்தக் கட்டுப்பாட்டாளரும் காரணம் கேட்டு நிற்கமாட்டார்.

எது ஓடுபாதை, எது டாக்சிவே என்பதைப் பகலிலும் ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். 2017 ஜூலை 7 இரவு, 28 இடது மூடியிருந்தபோது, ஓர் ஏர்பஸ் ஏ320 விமானம் 28 வலது என்று நினைத்து அதன் பக்கத்திலுள்ள டாக்சிவேயை நோக்கி இறங்கியது. புறப்படக் காத்திருந்த நான்கு விமானங்கள் அங்கே வரிசையாக நின்றன. ஏறத்தாழ 60 அடி உயரத்துக்கு வந்த பிறகுதான் அது மேலெழுந்தது. அனுபவம் மிக்க இரு விமானிகளுக்கே நேர்ந்தது அது.

இறங்கிய பிறகு

கோபுரம் ‘சீக்கிரம் வெளியேறுங்கள்’ என்று சொல்லும். அப்போது பிரேக்கை ஓங்கி மிதித்துவிடாதீர்கள். செஸ்னா 140-இன் முன்சக்கரங்கள், குறிப்பாகத் தொடக்க ஆண்டுகளின் மாதிரிகளில், பின்தள்ளி அமைந்தவை. கடுமையாக மிதித்தால் மூக்குக் குப்புற விழும். இதற்காகவே பலர் சக்கரத்தை முன்னே நகர்த்தும் நீட்டிப்புத் துண்டுகளைப் பொருத்தியிருக்கிறார்கள். வேகத்தோடு வாலைத் தூக்கியபடியே ஓடி, அடுத்த வெளிவழிக்கு அருகே வேகத்தைத் தணித்துத் திரும்புவதுதான் சரி. தவறவிட்டால் அதற்கடுத்த வழி இருக்கிறது. விமானம் ஓடுபாதை நடுவே மூக்கில் நின்றால் அத்தனை பேருக்கும் ஒரு மணி நேரம் போய்விடும்.

வெளியேறிய உடன் நின்று, தரைப் போக்குவரத்தைக் கவனிப்பவர்களின் ‘கிரவுண்ட்’ அலைவரிசையில் ‘புரோகிரசிவ் டாக்சி’ கேளுங்கள். ஒவ்வொரு திருப்பத்தையும் அவர்களே சொல்லி அழைத்துப் போவார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை. நிலைய வரைபடத்தைத் தாளில் அச்சிட்டு முழங்காலில் வைத்திருங்கள். 2010 முதல், வழியில் குறுக்கிடும் ஒவ்வோர் ஓடுபாதைக்கும் தனித்தனி அனுமதி தேவை. ஓடுபாதைக்கு முன்பே நில் என்ற பொருளில் ‘ஹோல்டு ஷார்ட்’ என்று வந்தால் உங்கள் அழைப்புப் பெயரோடு அதை அப்படியே திருப்பிச் சொல்ல வேண்டும். முன்னே நிற்கும் ஜெட் நகரத் தொடங்கும்போது அதன் எஞ்சின் வீச்சு நம்மைக் கவிழ்த்துவிடும். சில நூறு அடி பின்னாலேயே நின்று, காற்று வரும் திசைக்கேற்பக் கட்டுப்பாட்டுத் தண்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பழைய எஞ்சினுக்கு இந்த நீண்ட தரைப்பயணம் பிடிக்காது. குறைந்த சுற்றில் ஓடும்போது பழைய மின்னாக்கி போதிய மின்சாரம் தராது; ஆம்மீட்டர் முள் கழித்தல் பக்கம் சாய்ந்து நிற்கும், ரேடியோவும் டிரான்ஸ்பாண்டரும் பாட்டரியைத் தின்றுகொண்டிருக்கும். தேவையற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். ஈயம் குறைந்த பெட்ரோலுக்காக வடிவமைத்த எஞ்சினில் அதைவிட ஈயம் அதிகமுள்ள 100எல்எல் ஊற்றுகிறோம் என்பதால், மெதுவாக ஓடும்போது ஸ்பார்க் பிளக்குகளில் ஈயம் படியும். எஞ்சினுக்குப் போகும் கலவையில் காற்றுக்கு எதிரே பெட்ரோலின் அளவைக் கொஞ்சம் குறைத்து வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை குறையும்.

நிறுத்துமிடத்தில் இழுவண்டியோடு ஓடி வரும் இளைஞருக்கு வால்சக்கர விமானம் புதிதாக இருக்கலாம். இறக்கையைத் தாங்கும் கம்பியின் அடிப்பகுதியைப் பிடித்துக் கையால் தள்ளலாம், வாலின் சுக்கான் தகட்டில் கை வைக்கக் கூடாது, வண்டியைக் கொண்டுவர வேண்டாம் என்று அன்பாகச் சொல்லிவிடுங்கள். எரிபொருள் ஊற்றினால் பக்கத்திலேயே நின்று, குழாயில் எழுதியிருப்பதைப் படியுங்கள்.

திரும்பிப் புறப்படுவது

மேற்குக் காற்று வீசும் நாளில் இந்த நிலையத்தின் வழக்கம், 28-களில் இறக்கி, வடக்கு நோக்கிய 1 இடது, 1 வலது ஓடுபாதைகளிலிருந்து அனுப்புவது. பெரிய விமானங்களுக்கு அது பொருட்டில்லை. நமக்கோ மேற்கிலிருந்து வரும் 20 நாட் காற்று நேர் பக்கவாட்டில் அடிக்கும். வால்சக்கர விமானத்தை அந்தக் காற்றில் ஓட்டிக் கிளப்ப முயல்வது வம்பை விலைக்கு வாங்குவது. ஆகவே முதல் அழைப்பிலேயே, குறுக்குக்காற்று காரணமாக 28 வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். இறங்கும் விமானங்களின் நடுவே இடைவெளி கிடைக்கும் வரை அரைமணி நேரம் ஆகலாம்; எஞ்சின் சூட்டைக் கவனித்தபடி, மூக்கைக் காற்றின் பக்கம் திருப்பி வைத்துக் காத்திருங்கள்.

28-லிருந்து மேற்கே கிளம்பினால் எதிரே தரை உயர்ந்துகொண்டே போகும். வலப்பக்கம் சான் புருனோ மலை 1,300 அடிக்கு மேல் நிற்கிறது. நிமிடத்துக்கு 600 அடி ஏறுவதே நம் எஞ்சினுக்கு நல்ல நாள். எந்தப் பக்கம் திரும்ப அனுமதி என்பதைச் சக்கரம் உருளும் முன்னரே கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முன்னே ஒரு பெரிய ஜெட் புறப்பட்டிருந்தால் மூன்று நிமிடம் கேட்டு வாங்குங்கள். நாம் அதைவிட வெகு முன்பே தரையை விட்டு எழுந்துவிடுவோம் என்பது உண்மைதான். ஆனால் அது நம்மைவிடச் செங்குத்தாக ஏறுவதால், சிறிது தூரத்தில் அதன் வழித்தடத்துக்குக் கீழே போய்விடுவோம், சுழல்கள் இறங்குவதும் அங்கேதான்.

‘பி’ வான்வெளியை விட்டு வெளியே வந்ததும் கட்டுப்பாட்டாளர் ரேடார் சேவை முடிந்தது என்று சொல்லி, டிரான்ஸ்பாண்டரை 1200 என்ற பொது எண்ணுக்கு மாற்றச் சொல்வார். எண்ணை மாற்றி, நன்றி சொல்லிவிட்டு, சான் கார்லோஸ் கோபுரத்தின் அலைவரிசையை வையுங்கள். அந்த நிலையத்தின் ஓடுபாதை 2,600 அடிதான். சற்று முன்பு 3,000 அடி தள்ளி இறங்கிய பழக்கத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள்.